வட்டி இறங்கட்டும் என்று கார் வாங்காமல் காத்திருக்கலாமா?

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஓஹியோவில் நான்கு பேர் கொண்ட குடும்பம், கைக்கு வருவது மாதம் 5,100 டாலர், 2011 மாடல் கார் கியர்பாக்ஸ் போய் வாசலில் நிற்கிறது. "இறக்குமதி வரியை எடுத்துவிடுவார்கள், வட்டியையும் குறைத்துவிடுவார்கள் என்கிறார்கள், ஆறு மாதம் பொறுத்தால் நல்லதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இது மேலே தெரிகிற கேள்வி. "2019-இல் தாராளமாக ஓடிய குடும்பம் இப்போது ஏன் மாசக் கடைசியில் திணறுகிறது, வாஷிங்டனில் யார் செய்த வேலை இது?" என்பது உள்ளே இருப்பது. இரண்டாவதற்குப் பதில் சொல்லாமல் முதலாவதற்குச் சொல்ல முடியாது.

நான் பதினான்கு வருடமாக ஒரு கிரெடிட் யூனியனில், அதாவது உறுப்பினர்களே சொந்தக்காரர்களாக இருக்கும் கடன் சங்கத்தில், வாகனக் கடன் பிரிவில் இருக்கிறேன். பொருளாதாரம் படித்தவன் இல்லை. என் மேஜைக்கு வருவது சம்பளச் சீட்டு, கிரெடிட் ஸ்கோர், டீலர் அனுப்பிய பில், இவ்வளவுதான். ஆகவே இது கீழே இருந்து பார்க்கிறவனின் பார்வை. நாளை வட்டி எங்கே போகும் என்று சொல்ல என்னிடம் கிளி இல்லை.

முதலில் குடும்பக் கணக்கு. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2023 கணக்குப்படி ஒரு குடும்பத்தின் சராசரி வருடச் செலவு 77,280 டாலர். அதில் வீட்டுக்கு 33 சதவீதம், போக்குவரத்துக்கு 17, சாப்பாட்டுக்கு 13. வீட்டு வாடகையை நாம் நினைத்தபடி குறைக்க முடியாது. ஒப்பந்தம் முடிந்தால் ஏறத்தான் செய்யும். சொந்த வீட்டுக்காரர் என்றால் எப்போது வாங்கினார் என்பதே எல்லாம். 30 வருட வீட்டுக் கடன் வட்டி 2021 ஜனவரியில் 2.65 சதவீதம் வரை இறங்கியது, 2023 அக்டோபரில் 7.79 வரை ஏறியது. அந்தக் கீழ் வட்டியில் வாங்கியவர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்; அடுத்த தெருவில் அதே மாதிரி வீட்டை 2023-இல் வாங்கியவர் வட்டியிலேயே கரைகிறார். ஒரே நாடு, ஒரே கொள்கை, இரண்டு வாழ்க்கை. வீட்டில் இப்படி இடம் இல்லாமல் போனதும் நெருக்கடி முழுக்க வண்டி மேல் வந்து விழுகிறது. இந்த ஊரில் வண்டி இல்லாமல் வேலைக்குப் போக முடியாது, அதனால் அதையும் தள்ளிப்போட முடிவதில்லை.

2020 முதல் 2022 வரை நடந்ததில் எது உறுதி, எது விவாதம் என்று பிரித்துச் சொல்கிறேன். 2020 மார்ச்சில் பெடரல் ரிசர்வ், அதாவது அமெரிக்காவின் மத்திய வங்கி, வட்டியைப் பூஜ்யத்துக்கு அருகே கொண்டுவந்தது. அரசு மூன்று தடவை வீட்டுக்குக் காசு அனுப்பியது: ஆளுக்கு 1,200, பிறகு 600, பிறகு 1,400 டாலர். அதே சமயத்தில், கொரோனாவில் விற்பனை படுத்துவிடும் என்று பயந்து கார் கம்பெனிகள் சிப் ஆர்டரை ரத்து செய்தன. திரும்பக் கேட்டபோது வரிசையில் கடைசி. 2019-இல் சுமார் 1 கோடியே 70 லட்சம் புது வண்டி விற்ற நாட்டில் 2022-இல் 1 கோடியே 40 லட்சம்கூடத் தேறவில்லை. 2021 ஜூனில் பழைய கார்களின் விலை முந்தைய வருடத்தைவிட 45.2 சதவீதம் ஏறியிருந்தது. இவை எல்லாம் உறுதி. அரசு கொடுத்த காசு எவ்வளவு காரணம், சிப் தட்டுப்பாடு எவ்வளவு காரணம் என்பதில் பொருளாதார நிபுணர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். மளிகை விஷயத்தில் எனக்கு அபிப்பிராயம் இல்லை. கார் விஷயத்தில் உண்டு: காசு கொடுக்காமல் இருந்திருந்தாலும் விலை ஏறியிருக்கும், இவ்வளவு ஏறியிருக்காது. மூன்று வருடம் லீஸில் ஓட்டிய வண்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தவருக்கு, ஒப்பந்தத்தில் போட்ட விலையைவிட ஆறாயிரம் ஏழாயிரம் டாலர் கூடுதலாகப் பெறுமானம் இருந்ததை அந்த வருடம் பல ஃபைல்களில் பார்த்தேன். அதற்கு முன் என் அனுபவத்தில் ஒன்றுகூட இல்லை.

அடுத்தது வட்டி. பணவீக்கம் 2022 ஜூனில் 9.1 சதவீதத்தைத் தொட்டது. அதை அடக்க பெடரல் ரிசர்வ் 2022 மார்ச்சில் தொடங்கி 2023 ஜூலைக்குள் வட்டியை 5.25–5.50 வரை ஏற்றியது. வங்கிகளின் புதுக் கார் கடன் வட்டி நாலரை சதவீதச் சுமாரிலிருந்து எட்டுக்கு மேல் போனது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 35,000 டாலர் கடன், 60 மாதம். வட்டி 4.5 என்றால் மாதத் தவணை 652 டாலர். 8.5 என்றால் 718. வித்தியாசம் மாதம் 66, மொத்தம் ஏறத்தாழ 3,900 டாலர். வண்டி அதே வண்டி. இங்கேதான் டீலரின் ஃபைனான்ஸ் அறையில் ஒரு வித்தை நடக்கும்: "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்று கேட்பார்கள். நீங்கள் 600-க்குள் என்றால், 84 மாதத்துக்கு இழுத்து 554 ஆக்கிக் காட்டுவார்கள். பழைய நாள் தவணையைவிடக் குறைவு, சந்தோஷமாகக் கையெழுத்துப் போடலாம். ஆனால் 4.5-இல் 60 மாதத்துக்கு மொத்த வட்டி சுமார் 4,150 டாலர், 8.5-இல் 84 மாதத்துக்கு சுமார் 11,560. வட்டி ஏற்றம் என்ற கொள்கை சாதாரண வீட்டுக்குள் நுழையும் வழி இதுதான். தவணைத் தொகையில் அது தெரியாது, தவணைகளின் எண்ணிக்கையில் ஒளிந்திருக்கும்.

இந்த இழுப்பின் விளைவை ஒரே ஃபைலில் காட்டலாம். கிடங்கில் வேலை பார்க்கும் ஒரு பெண். 2022 பிப்ரவரியில், விலை உச்சத்தில் இருந்தபோது, நான்கு வருடப் பழைய எஸ்.யூ.வி. ஒன்றை 28,500 டாலருக்கு வாங்கினார். 9 சதவீதம், 72 மாதம், தவணை 514. ஒரு தவணைகூடத் தவறவில்லை. இரண்டரை வருடம் கழித்துக் குழந்தை பிறந்ததும் வேறு வண்டி வேண்டும் என்று வந்தார். பாக்கி 18,400 டாலர். டீலர் அந்த வண்டிக்குத் தந்த விலை 13,000. மீதி 5,400 டாலரைப் புதுக் கடனின் தலையில் ஏற்றித்தான் வாங்க முடிந்தது. அதாவது விற்றுவிட்ட வண்டிக்கு இன்னும் பல வருடம் வட்டி கட்டுவார். "நான் என்ன தப்பு செய்தேன்?" என்று கேட்டார். தப்பு எதுவும் இல்லை. வண்டி தேவைப்பட்ட மாதம் தப்பான மாதம். அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

இனி இறக்குமதி வரி. இதில்தான் பேச்சு அதிகம், தெளிவு குறைவு. இந்த வரியைக் கட்டுவது வெளிநாடு இல்லை, துறைமுகத்தில் சரக்கை எடுக்கும் இறக்குமதியாளர். கட்டுகிறவர் அதை யார் தலையில் தள்ளுகிறார் என்பதே கேள்வி. அதற்கு 2018-இல் ஒரு நல்ல சோதனை நடந்தது, தற்செயலாக. வாஷிங் மெஷின் இறக்குமதிக்கு வரி போட்டார்கள். துணி உலர்த்தும் டிரையருக்குப் போடவில்லை. பெடரல் ரிசர்வையும் சிகாகோ பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் பிறகு விலைகளைத் தோண்டிப் பார்த்தார்கள். வாஷிங் மெஷின் விலை சுமார் 12 சதவீதம், 86 டாலர், ஏறியிருந்தது. வரியே இல்லாத டிரையர் 92 டாலர் ஏறியிருந்தது! ஏனென்றால் ஜனங்கள் இரண்டையும் ஜோடியாக வாங்குகிறார்கள். கடைக்காரர் ஏற்றத்தை இரண்டிலும் பரப்பிவிட்டார். அமெரிக்காவிலேயே செய்த மெஷினும் சும்மா இருக்கவில்லை, போட்டிக்காரர் விலை ஏறியதும் அதுவும் ஏறியது. சுமார் 1,800 பேருக்கு வேலை கிடைத்தது உண்மை. வாங்குபவர்கள் கூடுதலாகக் கொடுத்ததை வைத்துப் பார்த்தால் ஒரு வேலைக்கு 8 லட்சத்து 15 ஆயிரம் டாலர் ஆகியிருந்தது. இந்த டிரையரை மறந்துவிடாதீர்கள், மறுபடி வரும்.

வரி போட்டால் சீக்கிரம் எடுத்துவிடுவார்கள் என்று நீங்கள் நம்பியிருக்கிறீர்களே, அதற்குக் கோழி வரியைச் சொல்ல வேண்டும். 1960-களின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகள் அமெரிக்க உறைகோழிக்கு வரியை ஏற்றின. கோபத்தில் 1963 டிசம்பரில் ஜனாதிபதி ஜான்சன் பிராந்தி, உருளைக்கிழங்கு ஸ்டார்ச், டெக்ஸ்ட்ரின், சின்ன டிரக் ஆகியவற்றுக்குப் பதில் வரி போட்டார். மற்றவை காலப்போக்கில் போய்விட்டன. டிரக்குக்கான 25 சதவீதம் அறுபது வருடம் தாண்டி இன்றும் இருக்கிறது. கோழிச் சண்டை யாருக்கும் ஞாபகம் இல்லை, வரி மட்டும் நிலைத்துவிட்டது. ஃபோர்டே தன் டிரான்சிட் கனெக்ட் வேனைத் துருக்கியில் செய்து, பின் சீட் போட்டு, "இது பயணிகள் வண்டி" என்று பால்டிமோர் துறைமுகத்தில் இறக்கி, இறக்கிய கையோடு சீட்டைக் கழற்றிச் சரக்கு வேனாக விற்றது. வழக்கு நடந்து, 2024-இல் 36 கோடியே 50 லட்சம் டாலர் கட்டி சமரசம் ஆனது. இந்த வரிக்குப் பின்னால் பாதுகாப்பாக இருந்த பெரிய பிக்கப்பில்தான் டெட்ராய்ட் கார் கம்பெனிகளுக்கு லாபம். மலிவான குட்டி பிக்கப் இங்கே அரிதாகிப்போனதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன், ஆனால் பெரிய காரணங்களில் ஒன்று.

2025-க்கு வருவோம். ஏப்ரல் 3 முதல் இறக்குமதி கார்களுக்கு 25 சதவீதம். மே 3 முதல் பல உதிரி பாகங்களுக்கும். பிறகு ஜப்பான், ஐரோப்பிய ஒன்றியம், தென்கொரியா ஆகியவற்றுடன் பேசி 15 ஆக்கினார்கள். கனடா, மெக்சிகோ வண்டிகளில் வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்த விதிகளுக்கு உட்பட்டவற்றுக்கு, அமெரிக்க பாகங்களின் மதிப்பைக் கழித்து மீதிக்கு வரி. எஃகுக்கும் அலுமினியத்துக்கும் ஜூனில் 50 சதவீதம். "அப்படியானால் கார் விலை 25 சதவீதம் ஏறியிருக்க வேண்டுமே, ஏறவில்லையே" என்று பலர் கேட்கிறார்கள். வரி துறைமுக மதிப்புக்கு, ஷோரூம் விலைக்கு அல்ல, அது ஒன்று. கம்பெனிகள் முதலில் தம் லாபத்திலிருந்து விழுங்கின. ஜெனரல் மோட்டார்ஸ் 2025-இன் இரண்டாம் காலாண்டில் மட்டும் 110 கோடி டாலர் போனதாகச் சொன்னது. விழுங்கியதை எப்படித் துப்புவார்கள் என்பதை விலைச் சீட்டில் தேடாதீர்கள். தள்ளுபடி குறையும், வண்டியைக் கொண்டுவந்து சேர்க்கும் கட்டணம் நூறு இருநூறு ஏறும், அடிப்படை மாடல் சத்தமில்லாமல் காணாமல் போகும். மெக்சிகோவில் செய்த நிசான் வெர்சாவின் மேனுவல் கியர் மாடல், நாட்டிலேயே மிக மலிவான புதுக் கார், 2025-இல் நிறுத்தப்பட்டது. அந்த செப்டம்பரில் புது வண்டியின் சராசரி விற்பனை விலை முதல்முறையாக 50,000 டாலரைத் தாண்டியது. இதில் வரியின் பங்கு எவ்வளவு, மலிவு மாடல்கள் போனதன் பங்கு எவ்வளவு, வரிச்சலுகை முடிவதற்குள் மின்சாரக் கார் வாங்க ஓடியவர்களின் பங்கு எவ்வளவு என்று சரியாகப் பிரித்துச் சொல்பவரை நம்பாதீர்கள். இன்னும் பிரிக்கிற நிலையில் இல்லை.

"நான் புதுக் கார் வாங்கப்போவதில்லை, பழசுதான், எனக்கென்ன?" என்று நினைக்கலாம். டிரையர் கதை இங்கேதான். இந்த நாட்டில் ஒரு புது வண்டி விற்கும் நேரத்தில் இரண்டுக்கு மேல் பழைய வண்டிகள் கைமாறுகின்றன. புதுக் காருக்கு வசதி இல்லாமல் போனவர் மூன்று வருடப் பழசுக்கு இறங்குகிறார். அதற்குப் போக வேண்டியவர் ஏழு வருடப் பழசுக்கு. அவர் இறங்கி வந்து உங்கள் பக்கத்தில் நிற்கிறார். வாஷிங்டனில் யாரும் பழைய காருக்கு வரி போடவில்லை. ஆனால் போட்டதில் ஒரு பங்கைப் பழைய கார் வாங்குபவரும் கட்டுகிறார். போதாததற்கு 2020–22-இல் செய்யாமல் விட்ட வண்டிகள்தான் இப்போது நாலைந்து வருடப் பழசாக வந்திருக்க வேண்டியவை. இல்லாத வண்டியை யார் விற்பது? இதே மாதிரி 2009-இலும் பழைய வண்டிகள் சந்தையிலிருந்து குறைந்தன: பழசைக் கொடுத்துப் புதுசு வாங்குபவருக்கு அரசு 3,500 அல்லது 4,500 டாலர் தந்தது, வந்த சுமார் 6 லட்சத்து 77 ஆயிரம் வண்டியை இன்ஜினில் ரசாயனம் ஊற்றிச் சாகடித்தார்கள். புதுக் கார் விற்பனைக்கு உதவத்தான் அந்தத் திட்டம். ஆனால் விற்பனையில் பெரும்பகுதி சில மாதங்களில் எப்படியும் நடந்திருக்க வேண்டியது, முன்னால் இழுத்துக்கொண்டார்கள், அவ்வளவே என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின.

இன்சூரன்ஸை யாரும் கொள்கை என்று பார்ப்பதில்லை. 2024 ஏப்ரலில் அது முந்தைய வருடத்தைவிட 22.6 சதவீதம் ஏறியிருந்தது. கார் விலை ஏறினால் அதைப் பழுதுபார்க்கும் செலவும் ஏறும். பம்பரில் லேசாக இடித்தாலும் இப்போது உள்ளே சென்சார். இன்சூரன்ஸ் கம்பெனி மாநில அரசிடம் மனுப் போட்டுத்தான் கட்டணத்தை ஏற்ற வேண்டும், அதனால் ஏற்றம் ஒன்றிரண்டு வருடம் தாமதமாக வரும். கடனில் வாங்கினால் முழுக் கவரேஜ் எடுத்தாக வேண்டும் என்று என்னைப் போன்றவர்கள் கட்டாயப்படுத்துவோம். ரொக்கத்தில் வாங்கிய பழைய வண்டிக்கு மூன்றாம் நபர் கவரேஜ் போதும். பாக வரியின் விளைவு உங்கள் ரினியூவல் கடிதத்தில் இனிமேல் வரலாம். பெட்ரோலைப் பற்றி ஒரு வார்த்தை: ஒவ்வொரு தேர்தலிலும் அதை வைத்துச் சண்டை போடுகிறார்கள், ஆனால் மத்திய வரி 1993 முதல் கேலனுக்கு 18.4 சென்ட்தான், மற்றது பெரும்பாலும் உலகக் கச்சா எண்ணெய் விலை.

கார் கடன் வட்டிக்கு வருமான வரிக் கழிவு என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். 2025 ஜூலையில் வந்த சட்டம். வருடம் 10,000 டாலர் வரை, 2025 முதல் 2028 வரை. புது வண்டிக்கு மட்டும், சொந்த உபயோகத்துக்கு, கடைசி அசெம்பிளி அமெரிக்காவில் நடந்திருக்க வேண்டும், லீஸுக்குக் கிடையாது. கழிவு என்றால் வருமானத்தில் கழிப்பது, வரியில் கழிப்பது அல்ல. மேலே சொன்ன 35,000 டாலர் கடனுக்கு முதல் வருட வட்டி சுமார் 2,750. உங்கள் வருமானத்துக்கு வரி 12 சதவீத வரம்பில் வரும். மிச்சம் 330 டாலர். முழுப் பத்தாயிரம் கழிக்க ஒரு லட்சம் டாலருக்கு மேல் கடன் வாங்க வேண்டும். பழைய கார் வாங்குபவருக்குப் பூஜ்யம். அதே சட்டம் மின்சாரக் காருக்கான 7,500 டாலர் சலுகையையும், பழைய மின்சாரக் காருக்கு இருந்த 4,000-ஐயும் செப்டம்பர் 30-உடன் முடித்துவைத்தது. அந்த 4,000-தான் உங்களைப் போன்ற வருமானக்காரருக்கென்றே இருந்தது.

சரி, காத்திருக்கலாமா? பெடரல் ரிசர்வ் 2025-இல் மூன்று தடவை கால் கால் சதவீதம் குறைத்து டிசம்பரில் 3.50–3.75-க்கு வந்தது. கார் கடன் அதோடு கூடவே இறங்குவதில்லை. அது கருவூலப் பத்திர வட்டியையும் எங்களைப் போன்றவர்களின் வாராக்கடன் பயத்தையும் பார்த்து நகரும். அப்படியே முழுக் கால் சதவீதம் இறங்கினாலும், 25,000 டாலர் கடனில் மாதம் 3 டாலர் மிச்சம். ஒரு காபிகூட வராது. கிரெடிட் ஸ்கோர் 620-லிருந்து 700-க்குப் போனாலோ வட்டி ஐந்து ஆறு சதவீதம்கூட இறங்குவதை நான் தினமும் பார்க்கிறேன். உங்கள் மனைவிக்குக் கல்விக் கடன் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கொரோனா காலத்தில் தந்த தவணை விலக்கு முடிந்து 2025-இல் தவறிய தவணைகள் மறுபடி கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏறத் தொடங்கின. நூறு புள்ளிக்கு மேல் விழுந்தவர்கள் உண்டு. பெடரல் ரிசர்வின் எந்தக் கூட்டத்தின் முடிவைவிடவும் முதலில் அதைப் பாருங்கள்.

உங்கள் கணக்கு: 5,100-இல் 17 சதவீதம் ஏறத்தாழ 870. இன்சூரன்ஸ், பெட்ரோல், டயர், ஆயில், ரிப்பேர் போக தவணைக்கு 400 டாலர் நிற்கும். பழைய காருக்கு 10 சதவீதம், 60 மாதம் என்றால் அது 18,800 டாலர் கடன். அதற்கு மேல் போகாதீர்கள், மாதத்தை நீட்டாதீர்கள். டீலரிடம் போகும் முன் ஒரு கிரெடிட் யூனியனில் முன்-அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் கொடுக்கும் வட்டிக்கு மேல் ஒன்று இரண்டு சதவீதம் டீலர் ஏற்றி அதைத் தன் பங்காக எடுப்பது நடக்கிற விஷயம், கையில் தாள் இருந்தால் அது நடக்காது. பேச்சை எப்போதும் வரி, கட்டணம் எல்லாம் சேர்ந்த மொத்த விலையில் வையுங்கள், தவணையில் வேண்டாம். புதுசுதான் என்று முடிவானால், மேலே சொன்ன வட்டிக் கழிவுக்காக, வண்டியின் அடையாள எண் (வின்) 1, 4, 5 அல்லது 7-இல் தொடங்குகிறதா பாருங்கள், அவை அமெரிக்காவில் செய்தவை. 2 கனடா, 3 மெக்சிகோ, ஜே ஜப்பான், கே கொரியா.

ஒன்றை மட்டும் நீங்கள் எழுதவில்லை: கியர்பாக்ஸ் மாற்ற எவ்வளவு கேட்கிறார்கள்? இந்த நாட்டுச் சாலையில் ஓடும் வண்டிகளின் சராசரி வயதே 2025-இல் 12.8 வருடம், உங்களுடையது அதைவிடக் கொஞ்சம்தான் மூத்தது. 3,500 டாலர் என்று சொன்னால் அது அந்தக் கிடங்குப் பெண்ணின் தவணையில் ஏழு மாதம். இன்ஜின் நல்ல நிலையில் இருந்து, அடிப்பகுதியில் துரு இல்லை என்றால், நான் ரிப்பேர் பக்கம் நிற்பேன். கடைக்காரர் தந்த எஸ்டிமேட்டை அப்படியே இங்கே போடுங்கள், உட்கார்ந்து பார்க்கலாம்.